எட்டு அளவீடும் ஒரு குறுந்தகவலும்: நிமிர்கோணத் தாயங்களும் வேக உருமாற்றங்களும், முழுமையான வழிகாட்டி

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் ஒரு சின்ன இறங்குதுறை. அதன் தூணோடு கட்டிய பிவிசி குழாய், குழாயின் தலையில் கழியொலி உணரி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் சிம் போட்ட மொடியூலும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு சேர்ந்து நான் கட்டிய நீர்மட்டமானி இவ்வளவுதான். ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தை அளந்து, சேர்த்து வைத்து, குறுந்தகவலாக அனுப்பும். ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் அனுப்பினால் ஒரு குறுந்தகவலில் 160 எழுத்துக்குத்தான் இடம். சிம்மில் காசு போடுவது நான். ஆகவே "குறைய அனுப்பி நிறையச் சொல்ல முடியாதா?" என்ற கேள்வி எனக்குக் கணிதக் கேள்வியாக வரவில்லை, பொக்கெற் கேள்வியாகத்தான் வந்தது.

அதற்கான விடைதான் இந்த வழிகாட்டி. பேனாவும் சதுரக்கோட்டுத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மென்பொருள் நூலகத்தை இறக்கி ஒரு வரியில் உருமாற்றம் செய்வது யாருக்கும் முடியும். எட்டு எண்ணைக் கையால் ஒருமுறை உருமாற்றிப் பார்த்தவருக்குத்தான் அந்த ஒரு வரி எங்கே பிழைக்கும் என்று தெரியும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே நாங்கள் தாயம் என்பதைத் தமிழ்நாட்டில் அணி என்பார்கள். எண்களை நிரை, நிரலாக அடுக்கிய கட்டம் அது; அதால் ஓர் எண் வரிசையைப் பெருக்கி வேறு வரிசை ஆக்குவதுதான் உருமாற்றம். எங்கள் காவி அவர்களுக்குத் திசையன். எங்கள் நிமிர்கோணத் தாயம் அவர்களுக்குச் செங்குத்து அணி. மீடிறன் என்றால் அதிர்வெண். நிரையும் நிரலும் இரு கரைக்கும் பொது.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் எட்டு அளவீடுகள் இவை, சென்ரிமீற்றரில். கையால் செய்ய வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்:

40, 42, 48, 54, 60, 62, 58, 52

பத்து மணித்தியாலக் கடல் இது. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது என்பதால், இந்த 22 சென்ரிமீற்றர் ஏற்றம் இங்கே சாதாரணம்.

படி 1: இரண்டு எண்ணில் தொடங்குங்கள்

முதல் இரண்டை மட்டும் எடுங்கள்: 40, 42. இவற்றை அப்படியே அனுப்பாமல் கூட்டுத்தொகை 82, வித்தியாசம் −2 என்று அனுப்பினால் என்ன? பெறுபவர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 40. கழித்துப் பாதியாக்கினால் 42. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு இரண்டு எண்ணும் ஒரே அளவு கனம். இப்போது கனமெல்லாம் 82க்குள் போய்விட்டது. −2ஐ யாராவது தவறவிட்டாலும் 41, 41 என்று கிடைக்கும். குடி முழுகாது.

இதைத் தாயமாக எழுதினால் நிரைகள் இரண்டு: (1, 1), (1, −1). குற்றுப் பெருக்கம் எடுங்கள், அதாவது ஒத்த இடங்களைப் பெருக்கிக் கூட்டுங்கள்: 1 − 1 = 0. இரண்டும் ஒன்றுக்கொன்று நிமிர்கோணம். சதுரக்கோட்டுத் தாளில் (40, 42) என்ற புள்ளியைக் குறித்து, அச்சுகளை 45 பாகை சாய்த்துப் போட்டால் நடப்பது இதுதான். கோணேசர் மலை உச்சியில் நின்று, கடலில் நிற்கும் ஒரு தோணியின் இடத்தை "கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு" என்று சொல்லலாம். "கரையோரமாக இவ்வளவு, கரைக்கு நேர் வெளியே இவ்வளவு" என்றும் சொல்லலாம். எண்கள் மாறும். தோணி அசையாது, மலைக்கும் தோணிக்கும் உள்ள தூரமும் அப்படியே இருக்கும்.

(நுணுக்கமாகப் பார்ப்பவருக்கு: இந்த இரண்டு நிரைத் தாயத்தின் துணிகோவை எதிர்க் குறியில் வருவதால் இது வெறும் சுழற்சி அல்ல, ஓர் அச்சைப் புரட்டியும் விடுகிறது. நீளம் மாறாது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.)

படி 2: "நிமிர்கோணம்" என்பதன் முழு நிபந்தனை

ஒரு சதுரத் தாயத்தை நிமிர்கோணத் தாயம் என்று சொல்ல இரண்டு நிபந்தனை. எந்த இரண்டு வெவ்வேறு நிரைகளின் குற்றுப் பெருக்கமும் 0. ஒவ்வொரு நிரையின் நீளமும் (எண்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) சரியாக 1. இரண்டும் சரிவந்தால் நிரைகளை நிரல்களாகத் திருப்பி எழுதிய தாயமே அதன் நேர்மாறு (மூல எண்களைத் திரும்பத் தரும் தாயம்) ஆகிவிடும்; இரண்டையும் பெருக்கினால் அலகுத் தாயம்.

இது எவ்வளவு பெரிய இலாபம் என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். நிமிர்கோணம் இல்லாத ஒரு தாயத்தை எடுங்கள்: நிரைகள் (1, 1), (1, 1.01). இதற்கும் நேர்மாறு இருக்கிறது. ஆனால் இரண்டாவது எண்ணைத் திரும்பப் பெற, வந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை 100ஆல் பெருக்க வேண்டும். அனுப்பும்போது அரைச் சென்ரிமீற்றர் மட்டந்தட்டினீர்கள் என்றால், மீட்கும்போது அது 50 சென்ரிமீற்றர் பிழை. நிரைகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் சாய்ந்து கிடப்பதால் வரும் வினை. நிமிர்கோணத் தாயத்தில் இது நடக்கவே நடக்காது: காவியின் நீளம் மாறாதது போலவே வழுவின் நீளமும் மாறாது. போன அளவுதான் வரும். சமிக்ஞைத் துறையில் இந்தத் தாயங்களை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டால், நேர்மாறு இலவசம் என்பதை விட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இப்போது பொறி எங்கே என்று பாருங்கள். (1, 1), (1, −1) நிமிர்கோணம்தான். ஆனால் நீளம் 1 இல்லை, √2. சரியாக்க இரண்டு நிரையையும் √2ஆல் வகுக்க வேண்டும். வகுக்காமலே வேலை செய்யலாம், முழு எண்ணாகவே போகும், நல்லது. ஆனால் திரும்பி வரும்போது எங்கேயாவது அந்தக் கடனைக் கட்டியே ஆக வேண்டும். எட்டு எண்ணுக்குக் கடன் 8.

நான் அதைக் கட்ட மறந்திருக்கிறேன். பெட்டியை முதன்முதலில் இணைத்த அன்று பின்னேரம் திரையில் சராசரி நீர்மட்டம் 416 சென்ரிமீற்றர் என்று வந்தது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊரில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒரு பிள்ளை யன்னலுக்கு வெளியே கடலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான், "சேர், எட்டால பிரிக்கேல்லையோ?" என்று கேட்டான். 52 × 8 = 416. பிழை முழுக்க என்னுடையது.

படி 3: இரண்டை நான்காக்கி, நான்கை எட்டாக்குங்கள்

பெரிய நிமிர்கோணத் தாயத்தை எங்கே தேடுவது? தேட வேண்டாம், வளர்க்கலாம். கையில் இருக்கும் தாயத்தை நாலு மூலையிலும் வையுங்கள். வலது கீழ் மூலையில் மட்டும் குறியைப் புரட்டுங்கள். இரண்டிலிருந்து நான்கு:

+ + + +
+ − + −
+ + − −
+ − − +

இதே வித்தையை மறுபடி செய்தால் எட்டு. சில்வெஸ்டர் 1867இல் காட்டிய வழி இது. ஹடமார்ட் 1893இல் இந்த வகையை விரிவாக ஆராய்ந்ததால் பெயர் அவருக்குப் போயிற்று: ஹடமார்ட் தாயம். எல்லாம் +1, −1 மட்டுமே. பெருக்கல் என்ற பேச்சே இல்லை. கூட்டு அல்லது கழி.

எல்லா அளவிலும் இப்படி ஒன்று கிடைக்காது. 1, 2 தவிர்த்தால் அளவு 4இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு. ஏழு வெப்பநிலையை எடுத்து வந்து ஹடமார்ட் உருமாற்றம் செய் என்றால் முடியாது, எட்டாவது ஓர் எண்ணை இட்டு நிரப்பத்தான் வேண்டும். 4இன் எல்லா மடங்குக்கும் ஹடமார்ட் தாயம் உண்டா என்பது இன்றுவரை நிறுவப்படாத கேள்வி. 668க்கு ஒன்றையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இட்டு நிரப்பும்போது 0 போடாதீர்கள். கடைசி எண்ணையே திரும்பப் போடுங்கள். 0 போட்டால் நீங்கள் உண்டாக்கிய அந்தச் செயற்கைப் பள்ளத்தையே உருமாற்றம் பெரிய செய்தியாக எடுத்துச் சொல்லும்.

படி 4: வண்ணத்துப்பூச்சி

எட்டு நிரை எட்டு நிரல் தாயத்தை எட்டு எண்ணோடு நேரே பெருக்கினால் 8 × 7 = 56 கூட்டல் கழித்தல். அவசரப்படாமல் தாயம் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள்: ஒரே துண்டு நாலு மூலையில். அப்படியானால் அந்தத் துண்டின் வேலையை ஒருமுறை செய்து இரண்டு இடத்தில் பயன்படுத்தலாம்.

முதல் சுற்று. பக்கத்துப் பக்கத்துச் சோடிகள்; ஒவ்வொன்றுக்கும் கூட்டுத்தொகை, பிறகு வித்தியாசம்:

82, −2, 102, −6, 122, −2, 110, 6

இரண்டாம் சுற்று. இரண்டு இடம் தள்ளிச் சோடி சேருங்கள். 82உம் 102உம் சேர்ந்து 184, −20. −2உம் −6உம் சேர்ந்து −8, 4. மற்றப் பாதியும் அப்படியே:

184, −8, −20, 4, 232, 4, 12, −8

மூன்றாம் சுற்று. நாலு இடம் தள்ளி:

416, −4, −8, −4, −48, −12, −32, 12

முடிந்தது. சுற்றுக்கு 8 செயல், மூன்று சுற்று, ஆக 24. ஒவ்வொரு சோடியையும் கோடு போட்டு இணைத்து வரைந்தால் கோடுகள் குறுக்கே வெட்டிச் சிறகு விரித்தது போல இருக்கும். அதனால்தான் வண்ணத்துப்பூச்சி என்று பெயர். 56க்கு 24 என்பது பெரிதாகத் தெரியாது. 1024 எண்ணுக்குப் பாருங்கள்: நேர்வழியில் 10,47,552 செயல், வண்ணத்துப்பூச்சி வழியில் 10 சுற்று, 10,240 செயல். நூறு மடங்குக்கு மேல் மிச்சம்.

இன்னொரு வசதி: ஒவ்வொரு சோடியின் விடையையும் அதே இடத்தில் மேலெழுதிவிடலாம், தனி வரிசை தேவையில்லை. எங்கள் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஆர்3இல் வேலை நினைவகம் மொத்தமே 2048 பைற்று என்பதால் இது சின்ன விடயம் அல்ல.

உடனே சரிபாருங்கள். மூல எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 22,096. உருமாறிய எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1,76,768. பின்னதை 8ஆல் வகுங்கள்: 22,096. சமிக்ஞைக்காரர்கள் இதைச் சக்தி மாறாமை என்பார்கள். நீளம் மாறாமைதான், வேறொன்றுமில்லை. கணக்கில் ஒரு குறி தவறினாலும் பெரும்பாலும் இந்தச் சரிபார்ப்பில் பிடிபடும். என் பிள்ளைகளை இதைச் செய்யாமல் அடுத்த படிக்கு விடுவதில்லை.

படி 5: எதை வீசலாம்?

கனமான மூன்றை மட்டும் வைத்துக்கொள்வோம்: 416, −48, −32. மற்ற ஐந்தையும் 0 ஆக்கி, அதே வண்ணத்துப்பூச்சியை மறுபடி ஓட்டி (ஹடமார்ட் தாயத்தைத் திருப்பி எழுதினாலும் அதுவேதான்), 8ஆல் வகுத்தால்:

42, 42, 50, 50, 62, 62, 54, 54

படிக்கட்டுப் போலத்தான் இருக்கிறது, ஆனாலும் கடல் ஏறி இறங்கிய கதை தெரிகிறது. மூலத்தோடு வித்தியாசங்கள்: −2, 0, −2, 4, −2, 0, 4, −2. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 48.

மீட்டுப் பார்க்காமலே இந்த 48ஐச் சொல்லியிருக்கலாம். வீசிய ஐந்து எண்கள் −4, −8, −4, −12, 12. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 384. 8ஆல் வகுத்தால் 48. வீசியதன் சக்தி எவ்வளவோ வழுவின் சக்தியும் அவ்வளவே. ஆக, எதை வீசுவது என்ற முடிவை இறங்குதுறையில் நிற்கும் பெட்டியே எடுக்கலாம். மறுமுனையில் எவ்வளவு பிழை வரும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். நிமிர்கோணம் இல்லாத தாயத்தில் இந்தத் தைரியம் கிடைக்காது.

இந்த +1, −1 நிரைகள் வேறு வேலையும் செய்திருக்கின்றன. 1971இல் செவ்வாயைச் சுற்றிய மரினர் 9 படங்களை அனுப்பியபோது, ஒவ்வொரு 6 பிற்று எண்ணையும் 32 நீளமுள்ள ஹடமார்ட் நிரையாகவோ அதன் குறி புரட்டிய வடிவமாகவோ அனுப்பியது. 32இல் 7 பிழைத்தாலும் சரியான நிரையை மீட்கலாம். அவ்வளவு தூரம் போவானேன்? வீட்டு மேசையில் குட்டி அன்ரனாவோடு இருந்த சிடிஎம்ஏ போன் நினைவிருக்கிறதா? கோபுரத்திலிருந்து எல்லார் பேச்சும் ஒரே மீடிறனில், ஒரே நேரத்தில்தான் வந்தது. ஆளுக்கொரு வோல்ஷ் நிரை. வோல்ஷ் நிரை என்பது வரிசை மாற்றி அடுக்கிய ஹடமார்ட் நிரைதான். உங்கள் நிரையோடு குற்றுப் பெருக்கம் எடுத்தால் அடுத்த வீட்டாரின் பேச்சு 0 ஆகிவிடும்.

படி 6: படிக்கட்டிலிருந்து அலைக்கு

கடல் படிக்கட்டாக ஏறுவதில்லை. ஆகவே நிரைகளும் வளைவாக இருந்தால் கனம் இன்னும் குறைந்த எண்களுக்குள் அடங்கும். அதற்குத்தான் தனிநிலைக் கோசைன் உருமாற்றம். நாசிர் அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974இல் வெளியிட்டது. இந்த யோசனைக்கு நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அகமதுவே பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்று உங்கள் போனில் கிடக்கும் ஜேபெக் படங்களெல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

எட்டு எண்ணுக்கான தாயத்தைக் கட்டும் விதம்: முதல் நிரை எல்லாம் 1/√8. இரண்டாம் நிரைக்கு 11.25 பாகையில் தொடங்கி 22.5 பாகை கூட்டிக்கூட்டி எட்டுக் கோணங்கள் எழுதி (11.25, 33.75, 56.25, இப்படி), அவற்றின் கோசைனைப் பாதியாக்குங்கள். மூன்றாம் நிரைக்கு அதே கோணங்களை 2ஆல் பெருக்கிவிட்டுக் கோசைன், நாலாம் நிரைக்கு 3ஆல், கடைசி நிரைக்கு 7ஆல். எந்த இரண்டு நிரையையும் எடுத்துக் குற்றுப் பெருக்கம் பாருங்கள், 0 வரும், நீளம் 1. இங்கே கடன் பாக்கி இல்லை.

கையால் செய்யும்போது பாதி வேலையை மிச்சப்படுத்தும் ஒரு வழி: முதலும் கடைசியும், இரண்டாவதும் ஏழாவதும் என்று வெளியிலிருந்து உள்ளே சோடி சேர்த்துக் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் எடுங்கள். கூட்டுத்தொகைகள் 92, 100, 110, 114. முதலிலிருந்து கடைசியைக் கழித்த வித்தியாசங்கள் −12, −16, −14, −6. முதலாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நிரைகளுக்குக் கூட்டுத்தொகை மட்டும் போதும். மற்ற நாலுக்கும் வித்தியாசம் மட்டும் போதும். 64 பெருக்கல் 32 ஆகிவிட்டது. உதாரணமாக இரண்டாம் நிரை:

(−12 × 0.981 − 16 × 0.831 − 14 × 0.556 − 6 × 0.195) ÷ 2 = −17.01

எட்டும் சேர்ந்து:

147.08, −17.01, −12.08, 5.10, −1.41, 0.65, 0.41, 0.40

ஹடமார்ட் விடையோடு ஒப்பிடுங்கள். அங்கே கனம் −48, −32, −12, 12 என்று அங்குமிங்கும் கிடந்தது. இங்கே முன்னால் நாலில் அடங்கி, பின்னால் வரவரத் தேய்கிறது. முதல் நாலை மட்டும் வைத்தால் வழுவின் சக்தி 2.75. ஹடமார்டில் கனமான நாலை வைத்தாலும் 30. ஒரே எட்டு எண், ஒரே நாலு இடம், பிழையில் பத்து மடங்கு வித்தியாசம்.

எண்களை மீடிறன் மீடிறனாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றத்தையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். ஃபூரியே உங்கள் எட்டு எண்ணும் திரும்பத் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் 52க்கு அடுத்தது 40. கடலில் இல்லாத அந்த 12 சென்ரிமீற்றர் வெட்டைச் சொல்ல உயர் மீடிறன்களெல்லாம் வேலை செய்ய வேண்டியிருக்கும். கோசைன் உருமாற்றம் எண்களைக் கண்ணாடியில் காட்டியது போல 52, 52, 58, 62 என்று தொடர்வதாக எடுக்கிறது; வெட்டு இல்லை.

தரவைப் பார்த்து அதற்கென்றே நிமிர்கோணத் தாயத்தைக் கணிக்கும் கார்ஹூனன்–லோவே முறை இதைவிடச் சிறப்பு. ஆனால் தரவு மாறினால் தாயமும் மாறும், அந்தத் தாயத்தையும் மறுமுனைக்கு அனுப்ப வேண்டும், வேக வழியும் பொதுவாகக் கிடையாது. அடுத்தடுத்த எண்கள் நெருக்கமாக இருக்கும் சமிக்ஞைக்குக் கோசைன் உருமாற்றம் அதை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கிறது. என் கணிப்பில், எங்களைப் போன்ற சின்ன வேலைக்கு அதைத் தாண்டிப் போவது வீண்.

பெருக்கல்களை 32க்கும் கீழே இறக்கலாம். லோஃப்லர், லிக்டன்பெர்க், மொஷிட்ஸ் ஆகியோர் 1989இல் எட்டு எண்ணுக்கு 11 பெருக்கலில் முடித்தார்கள். 1992இன் ஜேபெக்கில் படம் 8க்கு 8 கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரு கட்டத்தை நேரே உருமாற்றினால் 4096 பெருக்கல். நிரைநிரையாகச் செய்துவிட்டுப் பிறகு நிரல்நிரலாகச் செய்தால் 16 × 64 = 1024. அதையே 11 பெருக்கல் வழியில் செய்தால் 176.

படி 7: குறுந்தகவலுக்குள் அடக்குதல்

147.08 என்று தசமத்தோடு அனுப்ப முடியாது. 2ஆல் வகுத்துக் கிட்டிய முழு எண்ணுக்குத் தட்டுங்கள்: 74, −9, −6, 3. இதுதான் அனுப்பும் செய்தி.

மூல எட்டையும் காற்புள்ளி இட்டு எழுதினால் 23 எழுத்து. "74,-9,-6,3" என்பது 10 எழுத்து. தொகுதிக்கு நடுவே ஒரு பிரிப்புக்குறி வைத்தால் 160 எழுத்துக்குள் முன்பு 6 தொகுதி, இப்போது 14. நாள்கணக்கில், ஒரு குறுந்தகவலில் முன்பு இரண்டரை நாள் கடல் போயிற்று. இப்போது ஆறு நாளுக்குக் கிட்ட. (எதிர்க் குறியும் இலக்கமும் கூடிக் குறைவதால் ஒவ்வொரு முறையும் 14 வராது.)

மறுமுனையில் 2ஆல் பெருக்கி, அதே கோசைன் தாயத்தைத் திருப்பி எழுதிப் பெருக்கினால், கிட்டிய சென்ரிமீற்றருக்கு:

40, 42, 47, 54, 61, 63, 58, 53

எங்கேயும் ஒன்றுக்கு மேல் தவறவில்லை. வள்ளம் ஒன்று பக்கத்தால் போனால் எழும் சிற்றலை இதைவிடப் பெரிது. வகுத்த 2ஐ 4 ஆக்கினால் செய்தி இன்னும் சுருங்கும், பிழை கூடும். படத்தைச் சேமிக்கும்போது "தரம்" என்று ஒரு சறுக்கியை இழுக்கிறீர்களே, அது அடிப்படையில் இந்த வகுக்கும் எண்களைத்தான் மாற்றுகிறது.

பலகையில் எழுதும்போது தசமத்தை விட்டுவிடுங்கள். ஊனோவில் தசமக் கணக்குக்கு வன்பொருள் கிடையாது. கோசைன்களை 256ஆல் பெருக்கி முழு எண்ணாக வையுங்கள்: 251, 237, 213, 181, 142, 98, 50. கடைசியில் 256ஆல் வகுங்கள். ஆனால் ஊனோவின் சாதாரண முழு எண் 32,767ஐத் தாண்டாது. 114 × 237 மட்டுமே 27,018. இப்படி இரண்டைக் கூட்டினால் எண் தலைகீழாகப் புரண்டு எதிர்க் குறியில் வந்து நிற்கும். கூட்டி வைக்கும் மாறியை 32 பிற்று ஆக்குங்கள்.

படி 8: எட்டு போதாதபோது

மாதக்கணக்கில் சேர்ந்த தரவில் எந்த மீடிறன் இருக்கிறது என்று தேடுவதானால் வேக ஃபூரியே உருமாற்றம்தான். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்டு உலகத்தை மாற்றிய அந்த வழியை, கவுஸ் 1805 வாக்கிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணிக்கும்போது எழுதி வைத்திருந்தார். உள்ளே இருப்பது படி 4இன் அதே வண்ணத்துப்பூச்சி. ஒவ்வொரு சிறகுக்கும் ஒரு சிக்கலெண் பெருக்கல் கூடுகிறது, அவ்வளவுதான்.

வற்றுப்பெருக்குக்கு வரும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. சந்திரனால் வரும் பிரதான அலையின் காலம் 12.42 மணித்தியாலம், சூரியனால் வருவது 12.00. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நிமிர்கோணமா? எவ்வளவு நாள் தரவு எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு நாள் தரவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு, படி 2இல் பார்த்த (1, 1), (1, 1.01) நிலைமை. ஒன்று மற்றதை ஒரு முழுச் சுற்று முந்த 14.77 நாள் வேண்டும். அத்தனை நாள் சேர்ந்தால்தான் குற்றுப் பெருக்கம் 0ஐ ஒட்டி வரும், இரண்டையும் பிரித்தெடுக்கலாம். அந்த 14.77 நாளை எங்கள் கடற்றொழிலாளருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அமாவாசைக்கும் பறுவத்துக்கும் இடைப்பட்ட நாள் அது.

படி 9: எழுதியதை நம்பும் முன்

எட்டில் ஒன்று மட்டும் 1, மற்றதெல்லாம் 0 என்று கொடுத்து ஓட்டுங்கள். தாயத்தின் அந்த நிரல் அப்படியே வெளிவர வேண்டும். எல்லாம் ஒரே எண் என்று கொடுத்தால் முதல் குணகம் (உருமாறி வரும் எண்) தவிர மற்ற ஏழும் 0. பிறகு சக்திச் சரிபார்ப்பு. இந்த மூன்றும் சரிவந்தால் உருமாற்றம் சரி.

நூலகம் பயன்படுத்தும்போது கடன் யார் தலையில் என்று முதலில் பாருங்கள். பைதனின் சைபையில் கோசைன் உருமாற்றம் இயல்பாக நிமிர்கோணமாக வராது. நோர்ம் என்ற இடத்தில் ஓர்தோ என்று கொடுத்தால்தான் வரும். மாட்லாபில் இயல்பாகவே நிமிர்கோணம். நம்பையின் ஃபூரியே போகும்போது ஒன்றும் வகுக்காது, திரும்பும்போது முழுக் கடனையும் கட்டும். பலகையில் ஒன்று, கணினியில் வேறொன்று என்று கலந்தால் எனக்கு வந்தது போல 416 உங்களுக்கும் வரும்.

இன்னொன்று, நாங்கள் மூன்று மாதம் கழித்துப் படித்தது. ஒருநாள் குழாய்க்குள் என்னவோ குறுக்கிட்டு 60 வரவேண்டிய இடத்தில் 0 வந்தது. ஹடமார்டில் அந்த ஒரு பிழை எட்டுக் குணகங்களிலும் 60ஐக் கூட்டியோ குறைத்தோ விடும். −4 ஆக இருந்தவை 56 ஆகவோ −64 ஆகவோ நிற்கும். பிறகு எதை வீசுவது? எல்லாமே கனம். கோசைனிலும் இதே கதைதான். ஒரு புள்ளியில் நடந்த கோளாறை நிமிர்கோணத் தாயம் ஊரெல்லாம் பரப்பிவிடும், சக்தி மாறாமல். அதனால் இப்போது ஒவ்வொரு முறையும் சில வினாடி இடைவெளியில் மூன்று தடவை அளந்து, மூன்றின் இடையத்தை மட்டும் எடுத்து, அதன் பிறகுதான் உருமாற்றத்துக்கு விடுகிறோம். இடையத்துக்குத் தாயம் கிடையாது. மூன்று எண்ணை ஒப்பிட்டு நடுவில் நிற்பதை எடுப்பதுதான், பலகையின் மென்பொருளில் நாலு வரி.